எங்க புஞ்சையில் ஒரு ஊதாக் கோடு

முதல் வருஷ கெமிஸ்ட்ரி லேப்பில் தண்ணீரின் கடினத்தன்மை பார்த்தது ஞாபகம் இருக்கா? பியூரெட்டில் இடிடிஏ, குடுவையில் போர்வெல் தண்ணீர். ஒயின் சிவப்பு நீலமா மாறுற அந்த ஒரு சொட்டுக்காக எல்லாரும் கண்ணை இடுக்கிக்கிட்டு நிப்போமே, அதேதான். நான் அன்னிக்கு ரீடிங்கை பக்கத்து டேபிள்காரனைப் பார்த்து எழுதினேன். அதுக்கு ஒரு வருஷம் கழிச்சு எங்க அப்பாவுக்கு ஏறக்குறைய இருபதாயிரம் ரூபாய் நட்டம் வந்தது. ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்னு கேட்கிறீங்களா? அதைச் சொல்லத்தான் இதை எழுதுறேன்.

எங்க ஊர் எட்டயபுரத்துக்குப் பக்கம். கரிசல் காடு. நாலு ஏக்கர் மானாவாரிப் புஞ்சை, கிணறு கிடையாது, வானம் பார்த்த பிழைப்பு. தாத்தா காலத்தில் கம்பும் பருத்தியும் போட்டாங்க. இப்போ மக்காச்சோளம். புரட்டாசிக் கடைசியில் விதை விழுந்தால் தை மாசம் கதிர் ஒடிக்கலாம். என் செமஸ்டர் ஃபீஸ் அந்தத் தை மாசத்தை நம்பித்தான் இருக்கு. ரெண்டடி தோண்டினால் கறுப்பு மண்ணுக்குள் வெள்ளை வெள்ளையா சுக்கான் கல் கிடக்கும். சின்ன வயசில் அதைப் பொறுக்கி விளையாடியிருக்கேன். அந்த வெள்ளைக் கல்லை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி வருது.

அடியுரம் எப்பவும் டிஏபிதான். ஏக்கருக்கு ஒரு மூடை. ஐம்பது கிலோ மூடையில் 18 சதவீதம் தழைச்சத்து, 46 சதவீதம் மணிச்சத்து. மணிச்சத்துன்னா வேற ஒண்ணுமில்லை, நம்ம பாஸ்பரஸ்தான். வேர் ஓடவும் மணி பிடிக்கவும் அது வேணும். நான் ரெண்டாம் வருஷம் படிச்சப்போ விதைக்கிற நேரத்தில் டிஏபிக்கு ஒரே தட்டுப்பாடு. அப்பா கடைக்கும் சொசைட்டிக்கும் நாலு நாள் அலைஞ்சு ரெண்டு மூடைதான் கொண்டுவந்தார். ராத்திரி போன் பண்ணினார்.

"ரெண்டு ஏக்கருக்குத்தான்யா காணும். மிச்சத்துக்கு காம்ப்ளக்ஸ் வாங்கிப் போட்ருவோமா?"

அங்கேதான் நான் வாயை விட்டேன்.

என் ரூம்மேட் கோத்தகிரிக்காரன். அவங்க வீட்டில் கொஞ்சம் தேயிலைத் தோட்டம் இருக்கு. அதுக்கு அவங்க மணிச்சத்துக்காகப் போடுறது ராக் பாஸ்பேட். பாறையை வெட்டி, மாவா அரைச்சு, அப்படியே மூடையில் கட்டுறது. உதய்பூர் பக்கத்தில் ஜாமர்கோத்ரான்னு பெரிய சுரங்கமே இருக்கு. "ஒருவாட்டி போட்டா மெதுவா கரைஞ்சுக்கிட்டே இருக்கும் மச்சி, டிஏபி மாதிரி வீணாகாது"ன்னு அவன் முன்னாடி எப்பவோ சொல்லியிருந்தான். அவன் சொன்னது தப்பே இல்லை. அவன் மண்ணுக்கு.

நான் யூடியூபில் ரெண்டு வீடியோ பார்த்தேன். கால்குலேட்டரை எடுத்தேன். ஒரு மூடை டிஏபியில் 23 கிலோ மணிச்சத்து. ராக் பாஸ்பேட்டில் சுமார் 18 சதவீதம், அப்போ ஏக்கருக்கு ரெண்டரை மூடை. டிஏபியில் கிடைக்கிற 9 கிலோ தழைச்சத்துக்கு ஈடா 20 கிலோ யூரியா. கணக்கு சுத்தம். அப்பாகிட்ட சொன்னேன். "உனக்குத் தெரியாததா, நீ படிக்கிற புள்ள"ன்னு அவர் வேற கேள்வியே கேட்கலை. எதிர்க் கேள்வி கேட்டிருந்தா நல்லாயிருந்திருக்கும்னு இப்போ தோணுது. கோவில்பட்டிக்கு ஆள் அனுப்பி ஆறு மூடை வாங்கினார். அதோட நின்னாரா? பக்கத்துப் புஞ்சை மாமாகிட்ட "எம் மகன் சொல்லுதான்"னு சொல்ல, அவரும் ஒரு ஏக்கருக்கு அதையே வாங்கிப் போட்டுட்டார்.

மழை நல்லா பெய்தது. விதை பழுதில்லாமல் முளைச்சது. இருபது நாள் கழிச்சு அப்பா வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ அனுப்பினார். வரப்பில் நின்னு எடுத்தது. இடது பக்கம் பச்சை, வலது பக்கம் பயிர் ஒரு சாண் குட்டை. இலை ஓரமெல்லாம் ஊதா நிறம். ரெண்டுக்கும் நடுவில் ஸ்கேல் வெச்சு இழுத்த மாதிரி ஒரு கோடு. கீழே ஒரு வாய்ஸ் மெசேஜ்: "இது என்ன கலர்யா? கத்தரிப் பூ மாதிரில்லா இருக்கு?"

மக்காச்சோளக் கன்றுக்கு மணிச்சத்து கிடைக்கலைன்னா இலை ஊதாவாகும். செல்போனில் தேடினா முதல் பக்கத்திலேயே வரும். எனக்கு ஒண்ணு மட்டும் புரியலை. டிஏபியில் இருக்கிற அதே 23 கிலோவைத்தானே அந்தப் பக்கமும் போட்டோம், அது எங்கே போச்சு?

தீபாவளிக்கு ஊருக்குப் போனப்போ அம்மாவின் டிரங்குப் பெட்டியிலிருந்து மண்வள அட்டையைத் தேடி எடுத்தேன். வேளாண்மை ஆபீஸிலிருந்து வந்து மண் எடுத்துக் கொடுத்தது, ரேஷன் கார்டுக்கு அடியில் பத்திரமா இருந்தது. யாரும் படிச்சதில்லை, என்னையும் சேர்த்து. கார அமில நிலை 8.4. சுண்ணாம்பு நிலை: அதிகம். மணிச்சத்து ஹெக்டேருக்கு 9 கிலோ, எதிரே 'குறைவு'. நம்ம ஊர் அட்டைகளில் 11 கிலோவுக்குக் கீழே இருந்தால் குறைவு, 22க்கு மேலே போனால் அதிகம்.

எங்க மண்ணில் மணிச்சத்தே இல்லைன்னு அதுக்கு அர்த்தமில்லை. ஒரு ஏக்கர் மேல்மண்ணில் மொத்தமா பார்த்தால் சில நூறு கிலோ பாஸ்பரஸ் இருக்கும். அட்டையில் போடுறது பயிருக்குக் கைக்கெட்டும் அளவை மட்டும்தான். அப்பா இருபது வருஷமா டிஏபி போடுறார். அதில் முதல் போகத்தில் பயிர் எடுத்துக்கிறது பெரும்பாலும் கால் பங்குகூட இருக்காது. மிச்சம் ஓடியும் போகாது, ஆவியாகவும் போகாது. மண்ணோட ஒட்டிக்கிட்டு அங்கேயே உட்கார்ந்துடும். ஆங்கிலத்தில் இதுக்கு 'ஃபிக்ஸேஷன்'னு பேரு. கிட்டத்தட்ட ஃபிக்சட் டெபாசிட்தான். பணம் நம்ம பேரில்தான் இருக்கு, ஏடிஎம்மில் வராது.

பூட்டி வெச்சிருக்கிறது யாரு? கால்சியம். லீவு முடிஞ்சு வரும்போது ஒரு கவரில் மண்ணும் ரெண்டு சுக்கான் கல்லும் கொண்டுவந்தேன். லேப் அண்ணாகிட்ட கெஞ்சி நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் வாங்கி நாலு சொட்டு விட்டேன். கல் சோடா பாட்டில் மாதிரி பொங்கிச்சு. சரி, அது சுண்ணாம்புக் கல், பொங்கத்தான் செய்யும். கறுப்பு மண்ணிலும் விட்டேன். அதுவும் 'உஸ்ஸ்'னு நுரை தள்ளிச்சு. வெளியே வர்றது கார்பன் டை ஆக்சைடு. அப்போ மண் முழுக்கவே கால்சியம் கார்பனேட் மாவா கலந்து கிடக்கு. கோத்தகிரிக்காரன் பக்கத்தில் நின்னு பார்த்தான். அடுத்த வாரம் அவன் ஊர் மண்ணில் ஒரு கைப்பிடி கொண்டுவந்தான். செங்கல் நிறம். சொட்டு விட்டோம். சத்தமே இல்லை. ஈரமாச்சு, அவ்வளவுதான்.

நான் ரெண்டரை மூடை, 20 கிலோ யூரியான்னு போட்ட கணக்கில் விட்டுப்போனது அந்த நுரைதான்.

பிளஸ் டூவில் லீ சாட்லியர் தத்துவத்துக்கு அஞ்சு மார்க் வாங்கியிருப்பீங்க. ராக் பாஸ்பேட்ங்கிறது கால்சியம், பாஸ்பேட், ஃபுளோரைடு மூணும் இறுகிப் போன பாறை. நம்ம பல்லு, எலும்புக்கு ஒண்ணுவிட்ட சொந்தம். அது கரையணும்னா ஹைட்ரஜன் அயனி வேணும், அதாவது அமிலம். கரைஞ்சால் ஒரு பக்கம் பாஸ்பேட் வரும், இன்னொரு பக்கம் கால்சியம் வரும். நீலகிரித் தேயிலை மண் நல்ல அமில மண். அங்கே ஹைட்ரஜன் அயனி தாராளம், கால்சியம் பஞ்சம். வினை வலப்பக்கம் சுகமா ஓடும், பாறை கரையும். எங்க கரிசலில் ஹைட்ரஜன் அயனி அபூர்வம், கால்சியமோ கொட்டிக் கிடக்கு. வினை ஏன் ஓடப் போகுது? நான் அப்பாவை விலை கொடுத்து கல் வாங்க வெச்சு, கல்லு மேலேயே போட வெச்சேன். அடுத்த வருஷம் உழுதப்போகூட அது அப்படியேதான் இருந்திருக்கும்.

நீலகிரிக்காரங்களுக்கும் பூட்டுத் தொல்லை உண்டு. அங்கே பூட்டுறது இரும்பும் அலுமினியமும். அமில மண்ணில் அதுங்க பாஸ்பேட்டைக் கவ்வி வெச்சுக்கும். அங்கே உருளைக்கிழங்கு, காய்கறி போடுறவங்க சுண்ணாம்பு, டோலமைட் எல்லாம் காசு கொடுத்து வாங்கி மண்ணில் கொட்டுறாங்க, புளிப்பைக் குறைக்க. எங்க ஊர் வியாதி அங்கே மருந்து! மலையிலிருந்து இறங்கி மூணு நாலு மணி நேரம் பஸ்ஸில் வர்றதுக்குள்ளே மண்ணின் ரசாயனம் தலைகீழாகிப் போகுது. கார அமில நிலையைச் சொல்லாமல் 'இந்த உரம் நல்லது'ன்னு ஆரம்பிக்கிற எந்த வீடியோவையும் இப்போ நான் பத்து செகண்டுக்கு மேல் பார்க்கிறதில்லை.

தை மாசம் கதிர் ஒடிச்சாங்க. டிஏபி போட்ட பக்கத்தைவிட என் பக்கம் ஏக்கருக்கு நாலரை மூடை குறைவு. ஒரு மூடை நூறு கிலோ. ரெண்டு ஏக்கருக்கு ஒன்பது மூடை. அப்பா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை. ஃபீஸ் கட்டுற கடைசித் தேதிக்கு முந்தின நாள் பணம் வந்தது. அம்மாவின் தோடு பேங்குக்குப் போனது எனக்கு மாசியில்தான் தெரியும், அதுவும் தங்கச்சி வாய் தவறிச் சொல்லி.

அப்பாவைவிட மாமாவைப் பார்க்கத்தான் எனக்குப் பயம். பொங்கல் லீவில் அவர் வீட்டுப் பக்கமே போகாமல் சுத்திக்கிட்டுப் போனேன். மூணாம் நாள் டீக்கடையில் அவரே பிடிச்சுட்டார். "என்ன மாப்ள, கல்லு கரைஞ்சிட்டா?"ன்னு சிரிச்சுக்கிட்டேதான் கேட்டார். சிரிக்காமல் கேட்டிருக்கலாம். "தப்பு என்னுதுதான் மாமா. மண்ணைப் பார்க்காமச் சொல்லிட்டேன்"னு சொன்னேன். அவர் டீயைக் குடிச்சு முடிச்சார். "சரி, அப்போ எதைப் போட்டா கரையும்? அதைப் பார்த்துச் சொல்லு"ன்னு கிளாஸை வெச்சுட்டுப் போனார்.

சரி, எதைப் போட்டா கரையும்?

முதலில் என் மூளைக்கு வந்தது, மண்ணையே அமிலமா மாத்திடலாமேங்கிறது. கந்தகத் தூள் போட்டால் மண்ணில் இருக்கிற பாக்டீரியா அதைச் சல்ஃப்யூரிக் அமிலமா மாத்தும். இது உண்மைதான். சரி, கணக்குப் போடுங்க. ஒரு ஏக்கரில் பதினஞ்சு சென்டிமீட்டர் ஆழத்துக்கு மண் எடுத்தால் சுமார் 800 டன். அதில் 5 சதவீதம் சுண்ணாம்புன்னு வெச்சால் 40 டன். நூறு கிலோ கால்சியம் கார்பனேட்டைத் தீர்க்க 32 கிலோ கந்தகம். அப்போ ஏக்கருக்குக் கிட்டத்தட்ட 13 டன் கந்தகம்! நாலு ஏக்கருக்கு ரெண்டு மூணு லாரி நிக்கணும். புஞ்சையையே வித்தாலும் கட்டுப்படியாகாது. அந்தப் பேப்பரைக் கசக்கித் தூரப் போட்டேன். நடுவில் மாமா போன் பண்ணி ஜிப்சம் போடலாமான்னு கேட்டார். ஜிப்சத்தில் இருக்கிறதும் கால்சியம்தான், சல்ஃபேட் இருக்கிறதால் அது அமிலம் ஆகிடாது. சோடியம் ஏறின களர் மண்ணுக்கு அது நல்ல மருந்து. எங்க பூட்டுக்கு அது சாவி இல்லை.

அப்புறம்தான் புத்தி வந்தது. மண் முழுக்க மாத்த முடியாது, மாத்தவும் வேண்டாம். பாஸ்பரஸ் மண்ணுக்குள்ளே நடக்கத் தெரியாத சத்து. போட்ட இடத்திலிருந்து சில மில்லிமீட்டர் நகர்ந்தாலே பெரிசு. அப்போ வேர் ஓடுற அந்தச் சின்ன இடத்தை மட்டும் கவனிச்சால் போதும். உரத்தைக் காடு பூரா வீசாமல், விதை விழுற சாலில், விதைக்குக் கொஞ்சம் தள்ளிக் கீழே விழுற மாதிரி வெச்சால் அது சந்திக்கிற சுண்ணாம்பும் குறையும்.

இன்னொண்ணு, அமிலத்தை நாம மண்ணில் தேட வேண்டாம், ஃபேக்டரியிலேயே சேர்த்துத் தர்றாங்க. அதுதான் சூப்பர் பாஸ்பேட். பாறைத் தூள் மேல் சல்ஃப்யூரிக் அமிலத்தை ஊத்திச் செய்யுறது. இங்கிலாந்தில் ஜான் பென்னட் லாஸ்ங்கிறவர் 1842இல் இதுக்குக் காப்புரிமை வாங்கினார். ரொத்தாம்ஸ்டெட் ஆராய்ச்சிப் பண்ணையை ஆரம்பிச்சவரும் அவர்தான். மூடையில் 16 சதவீதம் மணிச்சத்து, கூடவே கந்தகம். டிஏபி குருணை கரையும்போது அதைச் சுத்தி இருக்கிற ஈரம் காரமா இருக்கும், சூப்பர் கரையும்போது நல்ல புளிப்பா இருக்கும். இதைப் படிச்சதும் கண்டுபிடிச்சுட்டேன்னு குதிக்காதீங்க, நான் குதிச்சேன். எங்க மாதிரி மண்ணு கொஞ்ச நாளில் அதையும் தன் வழிக்குக் கொண்டுவந்துடும். தண்ணீரில் கரைஞ்ச பாஸ்பேட்டைக் கால்சியம் பிடிச்சு, படிப்படியா இறுக்கி, கடைசியில் திரும்பவும் பாறை மாதிரியே ஆக்கிடும்.

அந்தப் பிடியை எப்படித் தளர்த்துறது? இங்கேதான் நான் காப்பி அடிச்ச எக்ஸ்பெரிமெண்ட் வருது. இடிடிஏ என்ன செஞ்சது? தண்ணீரில் இருந்த கால்சியத்தை நண்டு மாதிரி கவ்விப் பிடிச்சுக்கிச்சு. கால்சியம் மாட்டிக்கிட்டதால்தான் நிறம் மாறிச்சு. செடியின் வேரும், தொழு உரத்தில் இருக்கிற நுண்ணுயிரும் சிட்ரிக் அமிலம், ஆக்சாலிக் அமிலம் எல்லாம் கசியவிடும். அதுங்களும் அதே வேலையைத்தான் பார்க்குது. கால்சியத்தைக் கவ்வி, பாஸ்பேட்டை விடுவிக்குது. பாஸ்போபாக்டீரியான்னு வேளாண்மை ஆபீஸில் பாக்கெட் கொடுக்கிறாங்களே, அது இந்த ஆட்களைத்தான் அடைச்சுக் கொடுக்கிறது. சாணிக் குப்பைக்குள்ளே ஒரு டைட்ரேஷன் ஓடிக்கிட்டு இருக்குன்னு எனக்கு யாரும் சொல்லித் தரலை. லேப் மேனுவலில் 'பயன்கள்'னு ஒரு இடம் விட்டிருப்பாங்க. அதில் 'பாய்லர்'னு எழுதி டிக் வாங்கினோம்.

இதையெல்லாம் சேர்த்து ஒரு முறையை நம்ம தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் ரொம்ப நாளாவே சொல்லிக்கிட்டு இருக்கு. பேரு ஊட்டமேற்றிய தொழு உரம். ஹெக்டேருக்கு 750 கிலோ தொழு உரம், நம்ம கணக்கில் ஏக்கருக்கு 300 கிலோ. அதோட பயிருக்கு வேண்டிய சூப்பர் பாஸ்பேட்டைக் கலந்து, ஈரம் காயாமல் நிழலில் ஒரு மாசம் குவிச்சு வெச்சு, விதைக்கும்போது போடணும். அந்த ஒரு மாசத்தில் பாஸ்பேட் குப்பையோட கலந்துபோய், சுண்ணாம்பு மண்ணை நேருக்கு நேர் சந்திக்காமல் தப்பிக்குது. அப்பாகிட்ட இதைச் சொல்ல எனக்கு வாய் வரலை. பல்கலைக்கழகம் போட்ட தாளைப் பிரிண்ட் எடுத்து, "படிச்சுப் பாருங்கப்பா, சரின்னா செய்யலாம்"னு கொடுத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டு ரெண்டு தடவை படிச்சார். அப்புறம் கேட்டார்: "இது நம்ம மண்ணுக்குள்ளதுதானா?"

போன வருஷம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

ஆவணிக் கடைசியில் வேப்ப மரத்தடியில் குவியல் போட்டோம். கோத்தகிரிக்காரன் வந்து மம்பட்டி பிடிச்சான். கையில் கொப்புளம். "உன் கல்லாலதானேடா இவ்வளவும்"னு சொன்னதுக்கு, "என் கல்லு மேல தப்பு சொல்லாத, உன் மண்ணைச் சொல்லு"ன்னான். ஒரு ஏக்கரில் மட்டும் இதைப் போட்டோம். மிச்சம் மூணிலும் டிஏபி. இந்தத் தடவை அப்பா என்னை நம்பாமல் இருந்ததில் எனக்குச் சந்தோஷம்தான்.

ஊதாக் கோடு வரலை. குவியல் உரம் போட்ட ஏக்கரும் டிஏபி ஏக்கரும் பார்க்க ஒண்ணு போலவே வளர்ந்தது. கதிர் ஒடிச்சப்போ அரை மூடை கூட. இதை வெச்சு நான் எதுவும் நிரூபிச்சுட்டதா நினைக்காதீங்க. ஒரு போகம், ஒரு ஏக்கர், அந்த மூலையில் தண்ணீர் கொஞ்சம் கூடத் தேங்கும். அடுத்தடுத்து மூணு நாலு வருஷம் பார்த்தால்தான் பேச முடியும். ஆனா தோடு இந்த மாசம் வீட்டுக்கு வந்துடுச்சு.

இப்போ லீவில் போனால் எலுமிச்சம்பழத்தோடதான் ஊருக்குள்ளே போறேன். அமிலம் இல்லாத இடத்தில் எலுமிச்சைச் சாறு போதும், சுண்ணாம்பு அதிகம் இருக்கிற மண்ணு லேசா நுரைக்கும், காதை வெச்சால் சத்தம் கேட்கும். பொங்கலுக்கு மாமா ஒரு டிபன் பாக்ஸில் மண்ணைக் கொண்டுவந்து டீக்கடை பெஞ்சில் வெச்சு, "சாறு ஊத்து பார்ப்போம்"னார். நாலு பேர் கூடிட்டாங்க. நுரைச்சது. "அட, மருமகன் தேறிட்டான்"னு ஒருத்தர் சொன்னார். மாமா ஒண்ணும் சொல்லலை, டீக்குக் காசு மட்டும் அவர் கொடுத்தார்.

அந்த ஆறாவது மூடை ராக் பாஸ்பேட் ரொம்ப நாளா தொழுவத்தில் கிடந்தது, கோழி ஏறி உட்கார. கோத்தகிரிக்கு அனுப்பலாம்னு பார்த்தால் லாரி வாடகை மூடை விலையைவிடக் கூட வந்தது. போன வாரம் அப்பா போன் பண்ணினார். "குப்பைக் குழியில சாணி, சோளத்தட்டையோட அந்தக் கல்லு மூடையவும் அவுத்துக் கொட்டிட்டேன். குப்பை மக்கையில வர்ற புளிப்புல கொஞ்சமாச்சும் கரையும்லா?"

கரைய வாய்ப்பு இருக்குப்பா, எவ்வளவுன்னு தெரியலைன்னேன். பாஸ்போபாக்டீரியா ரெண்டு பாக்கெட் வாங்கித் தூவச் சொல்லியிருக்கேன். புரட்டாசியில் குழியைத் திறக்கும்போது நானும் ஊரில் இருக்கணும்னு சொல்லியிருக்கார். அன்னிக்கு எனக்கு இன்டர்னல் டெஸ்ட் இருக்கும்.